வீடு வாங்கி மூன்றாவது பில்லில் 34,260 ரூபாய் பழைய ஈ.பி. பாக்கி: இதை யார் கட்டுவது?

புதுவீட்டுக்காரி
எல்லோருக்கும் வணக்கம். மதுரையில் பழைய வீடு ஒன்றை வாங்கிக் குடிவந்திருக்கிறோம். கிரயம் முடிந்த கையோடு மின் இணைப்புக்கும் பெயர் மாற்றம் செய்துவிட்டோம். விற்றவர் சம்மதக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார், பத்திர நகலும் வீட்டுவரி ரசீதும் வைத்தோம், பெயர் மாறி வந்தது. முதல் இரண்டு பில்லிலும் பெரிய தொகை எதுவும் வரவில்லை.

இந்த முறை போனுக்கு வந்த குறுஞ்செய்தியில் 34,260 ரூபாய் என்று இருந்தது. எங்கள் வீட்டில் ஒரே ஒரு ஏ.சி., அதுவும் ராத்திரி மட்டும். போய்க் கேட்டால், “பழைய பாக்கி ஏறியிருக்கும்மா, ஆடிட்ல வந்தது. கட்டிருங்க, இல்லேன்னா லைன் கட் ஆயிரும்” என்கிறார்கள். எந்த வருடத்துப் பாக்கி, எதற்காக என்று கேட்டால் கையில் தாள் எதுவும் தரவில்லை. விற்றவர் கோயம்புத்தூருக்கு மகன் வீட்டோடு போய்விட்டார், போனை எடுப்பதில்லை. மாமியாருக்கு மூச்சுத் திணறலுக்கு வீட்டில் மெஷின் இருக்கிறது. கரன்ட் போனால் எங்களால் சமாளிக்க முடியாது.

நகையை வைத்துக் கட்டிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறோம். யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

வைகை_வடகரை
கட்டிட்டு நிம்மதியா இருங்க சகோதரி. வீட்டுக்கு இத்தனை லட்சம் கொடுத்தாச்சு, இன்னொரு 34 ஆயிரம் பத்திரச் செலவோடு செலவாகப் போகட்டும். ஈ.பி.யோடு மல்லுக்கட்டி ஜெயித்தவர்களை நான் பார்த்ததில்லை. உடம்புக்கு முடியாத பெரியவர்களை வைத்துக்கொண்டு ரிஸ்க் எடுக்காதீர்கள்.

செல்லூர்_தறி
கட்டவே கட்டாதீங்க அக்கா. எவனோ எரித்த கரன்டுக்கு நீங்க ஏன் பணம் கட்டணும்? கடன் வாங்கினவன் ஒருத்தன், கட்டுறவன் ஒருத்தனா? ஒரு தடவை கட்டிவிட்டால் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

பழைய_கணக்கீட்டாளர்
அம்மா, இரண்டு பேர் சொன்னதையும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். நான் இந்த வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். “பாக்கி” என்று ஒற்றை வரியில் வந்தால் அது ஒரே பாக்கி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதற்குள் என்னென்ன கலந்திருக்கிறது என்று தெரியாமல் கட்டவும் கூடாது, கட்ட மாட்டேன் என்று சொல்லவும் கூடாது.

முன்பிருந்தவர் கட்டாமல் விட்ட பில்லாக இருக்கலாம். டாரிஃப், அதாவது கட்டண வகை, தப்பாகப் போட்டிருந்ததை ஆடிட்டில் கண்டுபிடித்துப் பின்தேதியிட்டு வித்தியாசத்தைப் போட்டிருக்கலாம். டெபாசிட் பற்றவில்லை என்று கூடுதல் டெபாசிட் கேட்டிருக்கலாம். அது பாக்கியே இல்லை, உங்கள் பெயரில் வட்டியோடு நிற்கிற பணம். அல்லது கதவு பூட்டியிருந்து ரீடிங் எடுக்க முடியாமல் போய், பிறகு எல்லா யூனிட்டையும் ஒரே பில்லில் கொண்டுவந்து இறக்கியிருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் வழி வேறு.

முதல் வேலை, உதவிப் பொறியாளர் பெயருக்கு எழுத்தில் ஒரு மனு. 05-இல் தொடங்கும் உங்கள் இணைப்பு எண்ணை மேலே போடுங்கள். “34,260 ரூபாய்க்கான கணக்கு விவரமும், ஆடிட் தொகை என்றால் அந்த ஆடிட் குறிப்பின் நகலும் வேண்டும்” என்று கேளுங்கள். இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் தேதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் கேட்டால் வாயால்தான் பதில் வரும். எழுத்தில் போனால் அவர்கள் லெட்ஜரைத் திறந்தாக வேண்டும்.

அப்படியும் தராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் வில்லை ஒட்டிப் போடுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். ஆனால் பெரும்பாலும் அதுவரை போகாது.

இன்னொன்று. நீங்கள் குடிவந்த புதிதில் ரீடிங் எடுக்க வந்தபோது வீடு பூட்டியிருந்ததா?

புதுவீட்டுக்காரி
ரொம்ப நன்றி ஐயா. ஆமாம், போன முறை வந்தபோது நாங்கள் இல்லை, மாமியாரும் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். மீட்டர் கேட்டுக்கு உள்ளே இருக்கிறது. அந்த மாதம் பில் ரொம்பக் கம்மியாக வந்ததே என்று சந்தோஷப்பட்டோம். மனு எழுதிக் கொடுத்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

அண்ணாநகர்_வீட்டுக்காரர்
இதே தலைவலி வாடகைக்கு விடுகிறவனுக்கும் உண்டு. குடியிருந்தவர் அட்வான்ஸைக் கழித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் காலி செய்து போனார். கழித்தது போக மீதி அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்து இரண்டு வாரம் கழித்துத்தான் பில் வந்தது. இணைப்பு என் பெயரில், ஆகவே நான்தான் கட்டினேன். இப்போதெல்லாம் காலி செய்கிற அன்று மீட்டரைப் படம் எடுத்து, அந்த ரீடிங்கில் இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்கிறோம். வீடு வாங்குகிறவர்களும் சாவி வாங்குகிற அன்றே இதைச் செய்யலாம்.

வில்லங்கச் சான்று 30 வருடத்துக்குப் போட்டுப் பார்க்கிறோம், தாய்ப்பத்திரம் பார்க்கிறோம், பட்டா பார்க்கிறோம். ஈ.பி. பாக்கி வில்லங்கத்தில் வராது என்பது பாதிப்பேருக்குத் தெரிவதில்லை. சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் ஈ.பி. லெட்ஜருக்கும் சம்பந்தமே கிடையாது.

லெஸ்டர்_மதுரைக்காரி
நான் ஊரில் இல்லை, இங்கிலாந்தில் இருக்கிறேன். இழையைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. இங்கே கரன்ட், கேஸ் இரண்டுக்கும் நாமே கம்பெனியைத் தேர்ந்தெடுக்கலாம், பிடிக்காவிட்டால் மாறலாம். நானும் மாறினேன். மாறி ஆறு வாரத்துக்குள் பழைய கம்பெனி கடைசி பில்லைத் தர வேண்டும். எனக்கு அது வந்தபோது பெரிய தொகை பாக்கி என்று இருந்தது. அதுவரை உத்தேச ரீடிங்கில் பில் போட்டுவந்திருக்கிறார்கள், மாறுகிற அன்றுதான் உண்மையான ரீடிங் ஏறியது.

இங்கே ஒரு விதி உண்டு. கம்பெனியின் தவறால் பில் போடாமல் விட்ட தொகை என்றால், 12 மாதத்துக்கு முந்தைய பயன்பாட்டுக்கு வீட்டு நுகர்வோரிடம் பணம் கேட்க முடியாது. 2018-இல் ஆஃப்ஜெம் என்கிற ஒழுங்குமுறை அமைப்பு கொண்டுவந்தது. அதைச் சொல்லி எழுதினேன், பாதிக்கு மேல் குறைந்தது. புகாரை எட்டு வாரத்தில் தீர்க்காவிட்டால் ஆம்பட்ஸ்மேன் என்கிற குறைதீர்ப்பாளரிடம் போகலாம். எனக்கு அதுவரை போகவில்லை. நம் ஊரிலும் இப்படிக் காலக்கெடு இருக்குமே? வக்கீல் யாராவது சொல்லுங்கள்.

மேலூர்_தம்பி
நம்ம ஊர்ல கம்பெனி மாத்துற கதையே கிடையாது, இருக்கிறது ஒண்ணுதான். ஆனா அந்த அக்கா சொன்ன உத்தேச ரீடிங் விஷயம் அப்படியே இங்கேயும் நடக்குது. கதவு பூட்டியிருந்தா போன தடவை என்ன வந்துச்சோ அதையே போட்டுவிடுவாங்க, அடுத்த ரீடிங்ல சரி பண்ணுவாங்க. சரி பண்ணும்போதுதான் நமக்கு அடி.

வழக்காடி_மதுரை
இருக்கிறது. மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 56(2). ஒரு தொகை முதன்முதலில் செலுத்த வேண்டியதான தேதியிலிருந்து இரண்டு வருடம் கடந்துவிட்டால் அதை வசூலிக்க முடியாது. அந்தத் தொகையை இடைவிடாமல் பாக்கி என்று காட்டி வந்திருந்தால் மட்டும் விலக்கு.

இதைப் படித்ததும் “பழைய பாக்கி செல்லாது” என்று குதிப்பவர்கள் உண்டு. கொஞ்சம் பொறுங்கள். 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ராஜஸ்தானின் அஜ்மீர் வழக்கில் இதை விளக்கிவிட்டது. அதுவும் டாரிஃப் தவறை ஆடிட்டில் கண்டுபிடித்த வழக்குதான். கரன்டைப் பயன்படுத்தியதுமே கடன் உண்டாகிறது, ஆனால் பில் கொடுத்த பிறகே அது செலுத்த வேண்டிய தொகை ஆகிறது என்றார்கள். ஆகவே தவறைப் பிறகு கண்டுபிடித்துக் கூடுதல் பில் போடுவதற்கு 56(2) தடையில்லை. ஆனால் இரண்டு வருடம் கழித்து அப்படிப் போடும் தொகைக்காக இணைப்பைத் துண்டிக்கும் வழியைக் கையில் எடுக்க முடியாது என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. உங்களுக்கு இந்த இரண்டாவது பாதிதான் முக்கியம், மாமியாரை நினைத்தாவது அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், “எவனோ எரித்த கரன்ட்” என்பது. 2023 மே 19 அன்று கே.சி. நைனான் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதையும் பேசியிருக்கிறது. அது கேரளத்தில் ஏலத்தில் சொத்து வாங்கியவர்களின் பழைய பாக்கி பற்றிய வழக்கு. பழைய உரிமையாளரின் பாக்கியைப் புதியவரிடம் கேட்க மின் வழங்கல் விதித்தொகுப்பில் இடமிருந்தால் கேட்கலாம் என்பதுதான் சாரம். ஆகவே செல்லூர்க்காரர் சொல்வது நியாயமாகத் தெரிந்தாலும், அதை மட்டும் நம்பி சும்மா இருந்துவிட முடியாது.

துண்டிப்பதற்கு முன் எழுத்தில் 15 முழு நாள் நோட்டீஸ் வேண்டும், 56(1). அதே பிரிவில் இன்னொன்றும் இருக்கிறது, பலர் பயன்படுத்துவதில்லை. தொகையில் தகராறு இருந்தால், கேட்ட தொகையையோ, முந்தைய ஆறு மாதச் சராசரிப்படி வரும் தொகையையோ, இதில் எது குறைவோ அதை “ஆட்சேபத்தோடு செலுத்துகிறேன்” என்று எழுதிக் கட்டிவிட்டால், தகராறு தீரும்வரை இணைப்பைத் துண்டிக்கக் கூடாது. நகையை வைக்க வேண்டாம் அக்கா.

வைகை_வடகரை
வக்கீலம்மா சொன்னதைப் படித்த பிறகு என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். ஆறு மாதச் சராசரி விஷயம் எனக்குப் புதிது. ஆனால் ஒரு கேள்வி. இதையெல்லாம் கவுன்டரில் உட்கார்ந்திருப்பவரிடம் சொன்னால் அவர் கேட்பாரா?

வழக்காடி_மதுரை
கவுன்டரில் சொல்ல வேண்டாம், அவர் கையில் ஒன்றும் இல்லை. பிரிவு அலுவலகத்தில் மனு. அங்கே தீராவிட்டால் கோட்டங்களில் மாதாமாதம் மேற்பார்வைப் பொறியாளர் நடத்தும் குறைதீர் கூட்டம், செய்தித்தாளில் தேதி போடுவார்கள். அதற்கும் மேலே, ஒவ்வொரு மின் பகிர்மான வட்டத்துக்கும் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் இருக்கிறது. வக்கீல் வைக்க வேண்டிய அவசியமில்லை, நாமே போய்ப் பேசலாம். அதன் உத்தரவு திருப்தி இல்லையென்றால் சென்னையில் மின்குறை தீர்ப்பாளர். மின்னகம் என்கிற ஈ.பி. புகார் மையத்தின் 94987 94987 எண்ணில் புகார் பதிந்து அந்த எண்ணையும் குறித்து வையுங்கள், புகார் கொடுத்த தேதிக்கு அது ஒரு சாட்சி.

புதுவீட்டுக்காரி
கணக்குத் தாள் கிடைத்துவிட்டது! மனுவைக் கொடுத்ததும் முதலில் “எதுக்கும்மா இதெல்லாம்” என்றார்கள். முத்திரை வேண்டும் என்று நின்றேன். உள்ளே இருந்த இன்னொரு அலுவலர் கூப்பிட்டு உட்காரவைத்து, கம்ப்யூட்டரில் எடுத்து அச்சடித்துக் கொடுத்தார். நல்ல மனிதர்.

இரண்டு தொகை கலந்திருக்கிறது. 27,740 ரூபாய் ஆடிட் குறைவு, 2019 ஜூன் முதல் 2021 அக்டோபர் வரை. முன் அறையில் ஜெராக்ஸ் கடை இருந்ததாம், வீட்டு டாரிஃபிலேயே ஓட்டியிருக்கிறார்கள். கடைக் கட்டணத்துக்கும் வீட்டுக் கட்டணத்துக்கும் உள்ள வித்தியாசம் அது. மீதி 6,520 எங்கள் ரீடிங். பூட்டியிருந்த முறை சராசரி போட்டுவிட்டு, அடுத்த முறை வந்த மொத்த யூனிட்டையும் ஒரே பில்லாகப் போட்டிருக்கிறார்கள். எரித்தது நாங்கள்தான், அதில் மறுப்பில்லை. ஆனால் இவ்வளவா என்றுதான்.

பழைய_கணக்கீட்டாளர்
சபாஷ் அம்மா. இப்போது சின்னத் தொகையை முதலில் எடுப்போம், அது உடனே தீரக்கூடியது.

நமக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு கணக்கு, முதல் 100 யூனிட் இலவசம். யூனிட் ஏற ஏற விலையும் ஏறும். அதைவிட முக்கியம், 500-ஐத் தாண்டினால் 101 முதல் 200 வரை கிடைக்கிற குறைந்த விலையும் போய்விடும். 2022 செப்டம்பரில் வந்த விலையை வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். பிறகு விலை மாறியிருக்கிறது, படிக்கட்டு அதேதான்.

480 யூனிட் என்றால்: முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு 2.25 வீதம் 225, அடுத்த 200-க்கு 4.50 வீதம் 900, கடைசி 80-க்கு 6 வீதம் 480. மொத்தம் 1,605. இப்படி இரண்டு முறை கட்டினால் 3,210.

அதே 960 யூனிட்டை ஒரே முறையில் போட்டால்: 100 இலவசம், 300-க்கு 4.50 வீதம் 1,350, அடுத்த 100-க்கு 6 வீதம் 600, அடுத்த 100-க்கு 8 வீதம் 800, அடுத்த 200-க்கு 9 வீதம் 1,800, கடைசி 160-க்கு 10 வீதம் 1,600. மொத்தம் 6,150.

எரித்தது ஒரே அளவு, வித்தியாசம் 2,940 ரூபாய். நான்கு மாத யூனிட் என்றால் இரண்டு கணக்காகப் பிரித்து, இலவச 100-ஐ இரண்டு முறையும் கொடுத்துப் போட வேண்டும். பூட்டியிருந்த முறை நீங்கள் கட்டிய சராசரித் தொகையையும் கழிக்க வேண்டும். கழித்திருக்கிறார்களா என்று தாளில் பாருங்கள். இதை எழுதிக் கொடுத்தால் திருத்திவிடுவார்கள், இதில் சண்டைக்கே இடமில்லை.

பெரிய தொகைக்கு வருகிறேன். கடை 2021 அக்டோபர் வரை உண்மையில் நடந்ததா? 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு போட்டார்கள், ஜெராக்ஸ் கடைகள் மூடிக்கிடந்தன. பல சின்னக் கடைகள் திறக்கவே இல்லை. அந்த மாதங்களில் யூனிட் எவ்வளவு என்று தாளில் பாருங்கள். கடை எடுத்த பிறகும் கடை டாரிஃபில் கணக்குப் போட்டிருந்தால் அதைக் கேள்வி கேட்கலாம்.

புதுவீட்டுக்காரி
பார்த்தேன் ஐயா. 2021-இல் ஒவ்வொரு கணக்கும் 150 யூனிட்டைத் தாண்டவில்லை. 2019-இல் 600-க்கு மேல் இருந்திருக்கிறது. பக்கத்து வீட்டு அம்மாவும் “கொரோனாவோட கடையை எடுத்துட்டாங்களே” என்கிறார்கள்.

செல்லூர்_தறி
அக்கா, கிரயப் பத்திரத்தை எடுத்துப் பாருங்க. எங்க அப்பா வீடு வாங்கினப்போ அதில் ஒரு வரி இருந்தது, நினைவிருக்கு. வரி பாக்கி, கரன்ட் பாக்கி எல்லாம் விற்கிறவர் பொறுப்பு என்று.

வழக்காடி_மதுரை
மிகச் சரி. “இன்று தேதி வரை செலுத்த வேண்டிய வீட்டுவரி, மின்கட்டணம் முதலிய பாக்கிகள் ஏதும் இருப்பின் எழுதிக் கொடுப்பவரே செலுத்த வேண்டியது” என்கிற மாதிரி பெரும்பாலான பத்திரங்களில் இருக்கும். ஈ.பி. உங்களிடம் கேட்பது ஒரு கணக்கு, நீங்கள் விற்றவரிடம் கேட்பது வேறு கணக்கு. முதல் கணக்கில் தோற்றாலும் இரண்டாவதில் பணத்தைத் திரும்ப வாங்கலாம். அந்த வரியைக் காட்டி ஒரு வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். போனை எடுக்காதவர்கள் நோட்டீஸுக்குப் பேசுவார்கள்.

புதுவீட்டுக்காரி
கொஞ்ச நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ரீடிங் தொகையைப் பிரித்துத் திருத்திவிட்டார்கள். 6,520 என்று இருந்தது மூவாயிரத்துச் சொச்சத்துக்கு வந்தது, கட்டிவிட்டோம். ஐயா சொன்னது போல் அதில் யாரும் எதிர்ப்பேச்சு பேசவில்லை.

ஆடிட் தொகைக்கு மன்றத்தில் மனு போட்டிருக்கிறோம். ஆறு மாதச் சராசரித் தொகையை ஆட்சேபத்தோடு கட்டி ரசீது வாங்கியாயிற்று. முடிவு வரும்வரை லைனைத் தொட மாட்டோம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

பத்திரத்தில் அந்த வரி இருந்தது. நோட்டீஸ் போன பிறகு விற்றவரின் மகன் பேசினார். நான் கோபமாகப் பேசத் தயாராக இருந்தேன். அவர் மறுக்கவே இல்லை. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, அதனால்தான் போன் எடுக்கவில்லை என்றார். கடை வைத்திருந்தது உண்மை, 2020 டிசம்பரில் மெஷினை விற்றுவிட்டோம், விற்ற ரசீது இருக்கிறது என்று அனுப்பியும் வைத்தார். மன்றம் உறுதி செய்கிற தொகை எவ்வளவோ அதைத் தருகிறேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். மெஷின் விற்ற ரசீதை மன்ற மனுவோடு சேர்த்துவிட்டோம்.

மேலூர்_தம்பி
ரொம்ப சந்தோஷம்க்கா. எங்க மாமா வீட்டிலும் இதே மாதிரி ஆடிட் பாக்கி வந்திருக்கு. நீங்க முதல்ல கொடுத்த அந்த மனுவை இங்கே போட முடியுமா?

புதுவீட்டுக்காரி
தாராளமாக. இவ்வளவுதான் எழுதினேன் தம்பி:

“பெறுநர்: உதவிப் பொறியாளர் அவர்கள். ஐயா, மேற்கண்ட இணைப்பு எண்ணுக்கு நடப்புக் கணக்கில் ரூ. 34,260 செலுத்த வேண்டும் எனத் தெரிவிக்கப்பட்டுள்ளது. இத்தொகை எந்தக் காலத்துக்கு, என்ன காரணத்துக்காக, எந்தக் கட்டண விகிதத்தில் கணக்கிடப்பட்டது என்ற விவரத்தையும், ஆடிட் குறிப்பு இருப்பின் அதன் நகலையும் எழுத்துமூலம் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். விவரம் பெற்று என் ஆட்சேபத்தைத் தெரிவிக்கும்வரை இணைப்பைத் துண்டிக்க வேண்டாம் எனவும் கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் மின்சாரத்தில் இயங்கும் மருத்துவக் கருவி பயன்பாட்டில் உள்ளது.”

கடைசி வரி எங்கள் வீட்டுக்கு மட்டும். மாமா வீட்டில் அப்படி எதுவும் இல்லையென்றால் எடுத்துவிடு.

பழைய_கணக்கீட்டாளர்
நல்ல மனு. தம்பி, அதோடு பெயர் மாற்ற உத்தரவின் நகலையும் வைக்கச் சொல். எந்தத் தேதியிலிருந்து மாமா நுகர்வோர் என்பது அதில்தான் இருக்கும். நேரில் கொடுத்து முத்திரை போட மறுத்தால் அன்றே ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பிவிட்டு, அந்த ரசீதை ரீடிங் எழுதும் வெள்ளை அட்டையோடு சேர்த்துப் பின் பண்ணி வைக்கட்டும்.